மரத்துப்போன கால் நடக்கலாமா?

"முப்பது வருஷம் நடந்த நடைக்கு மேல இன்னும் என்னடா எக்சசைஸ்?"

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் உடற்பயிற்சிப் பிரிவிலிருந்து வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது. அவருக்கு இனிப்புநீர் வந்து பதினெட்டு வருஷமாகிறது. இரண்டு பாதங்களும் மரத்துவிட்டன. போன வருஷம் செருப்புக்குள் கிடந்த கூழாங்கல்லோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். இரவு கால் கழுவும்போது நான்தான் ரத்தத்தைப் பார்த்தேன். அந்தப் புண் ஆறவே மூன்று மாதமாயிற்று. ஆறிய பிறகு அந்தப் பெண், "அங்கிள், தினமும் நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்பாவுக்கு இதில்தான் குழப்பம். பல வருஷம் முன்பு இதே காலைப் பார்த்த வேறொரு மருத்துவர், "உணர்ச்சி இல்லாத கால். ரொம்ப நடக்காதீங்க, உட்கார்ந்தே இருங்க" என்று சொல்லியிருந்தார். இரண்டில் எது சரி? பொய் சொன்னது யார்? இதைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் காலத்து மருத்துவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வரலாறு நடந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி தமிழ் நிலத்தில் நடந்தது.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டு. ஆளுக்கு நானூறு ஐந்நூறு மரம். வெட்டிக்கொண்டே நெரை முழுக்கப் போய்வர வேண்டும். பால் வடிந்து முடிந்ததும் மங்கு மங்காக ஊற்றி எடுக்க அதே நெரையை இன்னொரு முறை சுற்ற வேண்டும். பிறகு காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபின் நாங்கள் புந்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். நடை நின்றது. சோறும் இனிப்புத் தேத்தண்ணியும் அதே அளவில் தொடர்ந்தன. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது முப்பது விழுக்காட்டுக்கும் மேல். எங்கள் மாடியில் கதவைத் தட்டிக் கேட்டாலே இந்தக் கணக்கு தெரிந்துவிடும்.

புண் ஆறிய சமயத்தில் குடியாத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போன மாமா ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். கறுப்பு நிறம், அகலமான வார், விரலால் அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும் உள்தளம். மைக்ரோ செல்லுலார் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். கொடுக்கும்போதே தயங்கிச் சொன்னார்: "காலுக்கு ரொம்ப நல்லதாம். ஆனா அங்க இதைப் போட்டுக்கிட்டு நடந்தா வேற மாதிரி பார்ப்பாங்க. பெரிய வியாதிக்காரங்களுக்குக் கொடுக்கிற செருப்பு."

அப்பா அதை வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். ஒரு வாரம் தொடவில்லை. எட்டாம் நாள் இரவு, நான் அதுவரை கேள்விப்படாத ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருடைய சித்தப்பா. எனக்குச் சின்னத் தாத்தா. "கால்ல ஆணி குத்தினதுகூட தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்தாரு. டிரெசர் பார்த்தாரு. ரெண்டு நாள்ல சுங்கை பூலோவுக்குக் கொண்டு போயிட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு. அதுக்கப்புறம் வீட்டுல அவர் பேரையே யாரும் எடுக்கல."

1926இல் அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த சட்டம் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தியது. சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. பேராக் தோட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் அங்கேதான் போனார்கள். தொழுநோயைத் தோல் வியாதி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் கிருமி நரம்பையும் தாக்குகிறது. கை விரல் மடங்குவதும் பாதம் மரப்பதும் அதனால்தான். அப்பாவின் கால்களில் சர்க்கரை மெதுவாகச் செய்த வேலையைச் சின்னத் தாத்தாவின் கால்களில் கிருமி செய்தது. ஒருவரை நாங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மற்றவரின் பெயரையே அழித்துவிட்டோம்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், எலும்பு அறுவை மருத்துவராக 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் கொக்கிபோல் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். செத்த கை என்று நினைத்தவருக்கு வலியில் கத்தும் அளவுக்குப் பிடி விழுந்தது. அந்தக் கையில் சில தசைகள் மட்டும் செயலிழந்திருந்தன. மற்றவை முழுப் பலத்தோடு இருந்தன.

1948இல் அவர் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். நல்ல தசையொன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்துவது. கத்தியின் வேலை சில மணி நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் பயிற்சி. இறுகிய மூட்டுகளை எண்ணெய் தேய்த்து நீவித் தளர்த்த வேண்டும். பிறகு இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பழக்க வேண்டும். அதுவரை வேறொன்றைச் செய்துகொண்டிருந்த தசை இப்போது விரலை நிமிர்த்த வேண்டும். நோயாளி தன் கையையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, குழந்தை எழுதப் பழகுவதுபோலப் பழகினார். பயிற்சியை விட்டால் அறுவையே வீண். நரம்பு திரும்பாது என்று முடிவான ஒருவருக்கும் உடற்பயிற்சியால் பயனுண்டு என்பதை அந்தக் கைகள் காட்டின.

பாதம் இன்னும் சிக்கலானது. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று அதுவரை நம்பினார்கள். பிராண்டின் குழு புண்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தபோது வேறு காரணங்கள் கிடைத்தன. சூடான பாத்திரம், ஆணி, பொருந்தாத செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு அவர் இதைச் சோதித்தார். எலிகளின் பாதங்களில் இயந்திரத்தால் மெல்ல, ஆயிரக்கணக்கான முறை அழுத்தினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாட்கள் போகப் போகப் பாதம் சிவந்து புண்ணானது.

உணர்ச்சியுள்ள நாம் நீண்ட தூரம் நடக்கும்போது நமக்கே தெரியாமல் நடையை மாற்றுகிறோம். குதிகால் வலித்தால் முன்பாதத்தில் ஊன்றுவோம், லேசாக நொண்டுவோம். மரத்த கால் அப்படி மாறாது. முதல் அடி விழுந்த இடத்திலேயே பத்தாயிரமாவது அடியும் விழும். ஆக, நடையை நிறுத்தத் தேவையில்லை. அழுத்தத்தைப் பரப்ப வேண்டும், இடைவெளி விட வேண்டும், கால் சொல்லாததைக் கண்ணும் கையும் சொல்ல வேண்டும்.

அழுத்தத்தைப் பரப்பும் வழி ஒன்றும் நம் பக்கத்திலிருந்தே போனது. இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களில் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நோயாளியை நடக்கவிட்டார். அந்த முறையை பிராண்ட் கார்விலுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது இனிப்புநீர்ப் புண்களுக்கான சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. எம்.சி.ஆர். செருப்பு வேலூரிலும் கரிகிரியிலும் உருவாகி வளர்ந்தது. அது கறுப்பாக, தனியாக அடையாளம் தெரியும்படி இருந்ததால் நோயாளிகள் பலர் அணிய மறுத்தார்கள். அப்பா கட்டிலுக்கடியில் தள்ளியதும் அதே காரணத்துக்காகத்தான்.

அதன் பிறகும் இனிப்புநீரால் கால் மரத்தவர்களிடம் மருத்துவர்கள் நடையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். புண் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாதம் மரத்த 79 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குக் கால் வலுவூட்டும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் படிப்படியாகக் கூட்டும் நடையும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். மற்ற பிரிவினரைவிட அவர்களுக்குப் புண் குறிப்பிடும்படி அதிகமாகவில்லை. 2010இல் அமெரிக்க இனிப்புநீர்ச் சங்கமும் விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, மிதமான நடை புண் அபாயத்தைக் கூட்டாது என்ற முடிவுக்கு வந்தது. 2012இல் பதினேழு பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வொன்றில், பத்து வாரப் பயிற்சிக்குப் பின் வலி குறைந்ததோடு தோலின் மெல்லிய நரம்பிழைகள் கிளை விட்டதும் தெரிந்தது. பதினேழு பேரை வைத்து ஊருக்கே வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உட்கார்ந்தே இருக்கச் சொன்ன காலம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். புண் திறந்திருந்தால் நடை கிடையாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது, நடந்து வந்ததும் பாதத்தைத் தொட்டு எங்காவது சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், சின்னத் தாத்தா கதைக்கே திரும்பினார். "அப்ப அவரு கையையும் பழக்கியிருக்கலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. 1969இல் கட்டாயத் தனிமை முடிந்த பிறகுகூட எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. அதற்கு எந்தச் சட்டத்தையும் காட்ட முடியாது.

தோட்டத்தில் உடம்புக்கு ஒரே கணக்குதான், எத்தனை மரம், எத்தனை வாளி. வேலைக்கு ஆகாத உடம்பு யார் கணக்கிலும் வராது. முப்பது வருஷ நடையும் துரையின் கணக்குக்காக நடந்தது. தனக்காக நடப்பது என்பதே அப்பாவுக்கு எழுபது வயதில் புதிய விஷயம். அவர் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்போது காலையில் அந்தக் கறுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு போலோ திடலுக்கு வருகிறார். பத்து நிமிஷம் நடை, ஐந்து நிமிஷம் பெஞ்சு, மறுபடியும் பத்து நிமிஷம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறார். போன வாரம் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் செருப்பைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அப்பா காலைத் தூக்கிக் காட்டினார். "ரப்பர்தான். நாம வெட்டின பாலு மாதிரி ஏதோ ஒண்ணு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எங்க சித்தப்பாவுக்கு இருந்த வியாதிக்காகக் கண்டுபிடிச்சது" என்றார்.

வெளி ஆள் ஒருவரிடம் அவர் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.