அபிமன்யுவுக்குத் தெரியாத வழி



தேவ அம்சத்தோடு பிறந்த இளைஞர்களின் வீரக் கதைகள் உலகெங்கும் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தில், கிரேக்கக் கடல்தேவன் பொசைடனின் மகனாகிய பெர்சி ஜாக்சன் என்னும் பள்ளி மாணவன், களவுபோன இடியாயுதத்தை மீட்டு வருகிறான்.

நமக்கு அத்தகைய வீரன் அபிமன்யு. அவன் தந்தை அருச்சுனன் இந்திரனின் மகன். அபிமன்யுவோ சந்திரனின் மகனுடைய அவதாரம். பிள்ளையைப் பிரிய மனமில்லாத சந்திரன், 16 ஆண்டுகளுக்கு மட்டுமே அவனைப் பூமிக்கு அனுப்பினான் என்கிறது மகாபாரதத்தின் ஆதிபருவம்.

இக்கதை தமிழகத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்பட்டது. பின்னர் திரைக்கு வந்தது. 1957இல் வெளியான 'மாயாபஜார்' படத்தில் ஜெமினி கணேசன் அபிமன்யுவாகவும் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாகவும் நடித்தனர். அதில் அபிமன்யுவுக்கு வத்சலாவுடன் திருமணம். விருந்தும் வேடிக்கையும் நிறைய உண்டு. வியாசர் சொல்லாத கதை அது. மக்கள் தாமாகக் கட்டிக்கொண்டது. ஜோகூர் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் புராணப் படங்களுக்குக் கூட்டம் குறைந்ததில்லை. நம் அண்டை வீட்டு ஜாவானியரும் தங்கள் நிழற்கூத்தில் அபிமன்யுவைப் போற்றுகிறார்கள்.

ஆனால் வியாசர் சொன்ன முடிவு வேறு. போரின் 13ஆம் நாள். துரோணர் சக்கர வியூகம் வகுத்தார். அருச்சுனன் வேறு களத்துக்கு இழுக்கப்பட்டிருந்தான். வியூகத்தை உடைக்கத் தருமர் அபிமன்யுவை வேண்டினார். "உள்ளே புகத் தெரியும், வெளியேறத் தெரியாது" என்று அவன் மறைக்காமல் சொன்னான். "நாங்கள் பின்னாலேயே வருவோம்" என்றார்கள் பெரியவர்கள். அவன் புகுந்தான். அவர்களை ஜயத்ரதன் தடுத்துவிட்டான். வில் போய், தேர் போய், தேர்ச்சக்கரத்தையே ஏந்திப் போரிட்டும் அவன் மடிந்தான்.

கிரேக்கர் கதையில் தீசியஸ் என்னும் இளைஞனும் இப்படித்தான் சுற்றுவழி மாளிகைக்குள் புகுந்தான். ஆனால் அரியாட்னி என்னும் பெண் அவன் கையில் ஒரு நூலுருண்டையைக் கொடுத்திருந்தாள். அந்த நூலைப் பிடித்தே அவன் திரும்பி வந்தான். வீரத்தில் இருவரும் குறைந்தவர்களல்லர். ஒருவனுக்கு நூல் இருந்தது, மற்றவனுக்கு இல்லை.

நேயர்களே, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குள் புகுகிறார்கள். மொழி புதிது, ஆசிரியர் புதியவர். "புரியவில்லை" என்று பிள்ளை சொன்னால் அது அபிமன்யு சொன்ன சொல். அதைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது. பின்னால் வருவதாகச் சொன்ன நாம் போகத்தான் வேண்டும். பள்ளியில் பெற்றோரை அழைக்கும் நாளில், ஒரு நாள் சம்பளம் குறைந்தாலும் போய்வர வேண்டும். படிக்காதவர்களாயினும், "இன்று என்ன நடத்தினார்கள்?" என்று நாள்தோறும் கேட்கலாம். அந்தக் கேள்வியே நாம் கொடுக்கும் நூல்.