கும்மியிலிருந்து சபைக்கு: கொச்சிக் காயலில் கவிஞரும் அமைப்பாளரும்

1913ஆம் ஆண்டு, எறணாகுளத்துக்கு எதிரே முளவுகாடு, போல்காட்டித் தீவுகளை ஒட்டிய காயலில், வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை பரப்பி, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட புலையர்கள் கூட்டம் நடத்தினார்கள். கேரள வரலாற்றில் இதற்குக் காயல் சம்மேளனம் என்று பெயர். கரையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நிலம் ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களுடையது; அதில் இறங்கி நாற்று நடலாம், கூட்டம் போட முடியாது. பொதுவழிகளிலும் எறணாகுளம் நகரத் தெருக்களிலும் நடமாடத் தடை இருந்தது. காயலுக்கு மட்டும் பட்டாதாரர் யாரும் இல்லை.

இந்தக் கூட்டத்தைச் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் ஒரு பத்தியாக எழுதிவிட்டுப் போவது வழக்கம். இலக்கிய வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பது என் வாதம். சபை கூடுவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாட்டு அதற்கு ஆள் திரட்டத் தொடங்கியிருந்தது.

பாட்டை எழுதியவர் சேரானல்லூரில் 1885இல் பிறந்த கே.பி. கருப்பன். வாலர் எனப்படும் மீனவச் சமூகத்தவர். சமஸ்கிருதம் கற்று 'பண்டிட்' கருப்பன் என்று அறியப்பட்டவர். இருபது வயதை ஒட்டி அவர் எழுதிய 'ஜாதிக்கும்மி', காசியில் ஆதிசங்கரரின் வழியில் எதிர்ப்பட்ட தாழ்த்தப்பட்ட தம்பதியை அவர் விலகச் சொன்ன பழங்கதையை எடுத்துக்கொள்கிறது. விலக வேண்டியது உடலா, ஆன்மாவா என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அத்வைதம் பேசியவருக்குப் பதில் இல்லை; தவறை ஒப்புக்கொள்கிறார். புதுக் கருத்தை அந்நியமான மேற்கோளோடு கொண்டுவராமல், சாதியைக் காத்தவர்களே போற்றிய ஆசாரியரின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்ததில்தான் கருப்பனின் சாமர்த்தியம் இருக்கிறது.

அதைவிட முக்கியம் அவர் தேர்ந்த வடிவம். பண்டிதருக்குச் சுலோகம் எழுதத் தெரியும். ஆனால் கும்மியைக் கைதட்டி வட்டம் சுற்றிப் பாடலாம், எழுத்தறிவு தேவையில்லை, ஒருத்தி பாடப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னால் மனப்பாடமாகிவிடும். 1912இல் அச்சேறும் முன்பே அது வாய்வழியாகப் பரவியிருந்தது. தமிழ்ப் பக்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் தம் இதழையும் தொடங்கிப் பத்திரிகை வழியாக மக்களைத் திரட்டினார்கள். பட்டாளத்திலும் ரயில்வேயிலும் தங்க வயலிலும் எழுதப் படிக்கக் கற்ற ஒரு வாசகக் கூட்டம் அவர்களுக்கு இருந்தது. பள்ளிக்கூட வாசலே மூடியிருந்த கொச்சித் தீவுகளில் அந்த வேலையைப் பாட்டுதான் செய்ய வேண்டியிருந்தது.

பாட்டுக்குப் பின் சங்கங்கள் வந்தன. கருப்பன் முதலில் தம் மீனவர்களிடையே ஊர் ஊராகச் சபைகளை ஏற்படுத்தினார். தேவரையில் தொடங்கிய வால சமுதாய பரிஷ்காரிணி சபை அவற்றுள் ஒன்று. புலையர்களோடு சேர்ந்தது அடுத்த படி. அது எளிதான படி என்று நினைத்துவிடக் கூடாது. தீண்டாமை ஏணியில் வாலருக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் புலையர். மேல்படியில் நின்று கீழே இரங்குவது ஒன்று, ஒரே பலகையில் உட்காருவது வேறு.

இந்த இடத்தில் நம் வரலாற்றெழுத்தின் மீது எனக்கொரு குறை உண்டு. காயல் சம்மேளனம் என்றதும் கவிஞரின் பெயரே முன்னால் வருகிறது. ஆனால் கொச்சி புலைய மகாசபையின் தலைவராக இருந்தவர் கிருஷ்ணாதி ஆசான், செயலாளர் பி.சி. சாஞ்சன். கே.பி. வள்ளோன் அடுத்த தலைமுறைத் தலைவராக எழுந்தவர். வீடு வீடாகப் போய் ஆட்களை வள்ளத்தில் ஏற்றுவது பாட்டு மட்டும் செய்துவிடும் வேலை அல்ல. ஜன்மி அறிந்தால் குடிசை போகும் என்ற பயத்தை மீறி வந்தவர்கள் இவர்களை நம்பி வந்தார்கள். முளவுகாட்டில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் வள்ளோனின் குடும்பத்துப் பெண். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த ஒரே தலித் பெண் அவர்.

அதே காலத்தில் எறணாகுளத்தில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. நெல்லும் காய்கறியும் பரப்பி வைத்திருந்தார்கள். விளைவித்தவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. கருப்பன் இதைத் திவானிடமே எடுத்துச் சொல்ல, வள்ளங்களில் காத்திருந்த புலையர்கள் கரையேறி நகருக்குள் வந்தார்கள்.

கவிதை எழுதியதற்கான விலையையும் கருப்பன் கொடுத்தார். தீண்டாமையைச் சாடிய அவருடைய 'பாலாகலேசம்' நாடகத்தை, திருவிதாங்கூர் அரசை எதிர்த்ததால் நாடுகடத்தப்பட்ட பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையே சாதியைச் சொல்லி ஏளனம் செய்தார். 1925இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட பிறகும் அரசு விருந்து ஒன்றில் கருப்பனை ஒதுக்கினார்கள். அதற்கு அவர் 'உத்யான விருந்து' என்ற கவிதை எழுதினார்.

கவிஞர்களும் போராட்டக்காரர்களும் தனியே கூடி யோசிக்க வேண்டிய தேவை வேறு நாடுகளிலும் எழுந்திருக்கிறது. 1977 ஜூலையில் அமெரிக்காவின் சவுத் ஹாட்லியில் கொம்பாஹீ ரிவர் குழுவின் கறுப்பினப் பெண்கள் முதல் முகாமைக் கூட்டினார்கள். கவிஞர் ஆட்ரி லார்ட் அந்த முகாம்களில் கலந்துகொண்டவர். அவர்கள் பிறர் காதுபடாத ஓர் அறையைத் தேடினார்கள். கொச்சியில் கால் வைக்கவே இடம் தேட வேண்டியிருந்தது.

1917இல் இயக்கம் கரைக்கு வந்தது. செறாயில் சகோதரன் அய்யப்பன் தம் ஈழவச் சாதியாரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். சொந்தச் சாதியார் அவருக்குப் 'புலையன் அய்யப்பன்' என்று பட்டம் கட்டினார்கள். அவரும் கவிஞர்தான். அவருடைய 'சகோதரன்' இதழ் மட்டாஞ்சேரியிலிருந்து வந்தது. அச்சுக்கூடங்களும் பண்டகசாலைகளும் துறைமுகக் கூலிகளும் நெருங்கிக் கிடந்த ஊரில், கும்மியின் வேலையை இப்போது தாள் ஏற்றுக்கொண்டது.

அதே மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு இருந்த முறை 'சாப்பை'. காலையில் மேஸ்திரி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மேல் வீசுவான். முட்டி மோதி ஒன்றைப் பிடித்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1913இல் பாட்டு முந்தியது, சபை பிந்தியது; இங்கே வரிசை தலைகீழாயிற்று. சங்கமும் குண்டும் முதலில் வந்தன. அதை நாடகமாக்கிய கே.எம். சிதம்பரனின் 'துறமுகம்' 1968இல்தான் வந்தது. அவர் மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023இல் அது திரைக்கும் போயிற்று.