தெல்தோட்டைக் குளிரும் குருதிக்கலன் ஒடுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

பெருந்தோட்ட வரலாற்றை ஏற்றுமதிக் கணக்குகளைக் கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. தொழிலாளரின் உடலும் அவ்வரலாற்றின் ஆவணமே. அவ்வுடலைக் குளிர் தாக்கிய விதத்தினை இங்கு நோக்க முற்படுகின்றோம்.

கண்டிக்குத் தென்கிழக்கே அமைந்த தெல்தோட்டை, முன்னர் கோப்பி விளைந்த மலைப்பிரதேசமாகும். அதனையடுத்த லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் நாளடைவிற் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. பயிர் மாறிற்று, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய வெப்பச் சமவெளிகளிலிருந்து வந்தோர் மலைக்குளிரில் நின்று உழைக்கும் நிலை மாறவில்லை.

குளிர் தாக்கும்போது உடலில் நிகழ்வது யாது? பரிவு நரம்புகளின் முனைகளிற் சுரக்கும் நோரட்ரீனலின், தோலிலுள்ள புன்னாடிகளின் தசைச்சுவரைச் சுருக்குகின்றது. குருதி உள்ளுறுப்புகளை நாடுவதால் உடல்வெப்பம் காக்கப்படுகின்றது. விரல்கள் வெளுத்து மரத்துப்போதல் இதன் வெளி அடையாளமாகும். கலனொன்றின் ஆரை அரைவாசியானால், ஏனையவை மாறாதிருக்க, குருதியோட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆதலின் சிறு ஒடுக்கமும் பெருவிளைவைத் தரவல்லது. பரவலாக ஒடுங்கும்போது குருதியமுக்கம் உயரும். இதயத்தின் சுமை கூடும். இதயநாடி நோயுடையோருக்கு நெஞ்சுவலி தோன்றலாம். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் இவ்வொடுக்கத்தைத் தூண்டும்.

மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலேயே இவ்வறிவும் வளர்ந்தது என்பது நோக்கற்பாலது. குருதிக்கலன்களைப் பரிவு நரம்புகள் ஆளுவதை 1850 களின் தொடக்கத்தில் குளோட் பேர்னார்ட்டும் பிறவுண் செக்காரும் ஆய்ந்து காட்டினர். குளிரில் விரல்கள் வெளுத்து நீலிக்கும் நிலையை 1862 இல் பாரிஸ் நகரில் மொறிஸ் றெயினோ விவரித்தார். இலங்கையிலும் தோட்டப்புற மருத்துவத் தேவைகளுக்கென 1872 இற் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் தொழிலாளிக்கு வழங்கப்பட்ட கம்பளியின் விலை அவரது பற்றுக் கணக்கில் ஏறியது. குளிரைத் தடுக்கும் போர்வையே கடனாயிற்று. விடியற்காலைப் பிரட்டு, பனி நனைந்த மலைச்சரிவு, நெருக்கமான லயக் காம்பரா என்பனவே அன்றாட வாழ்வாயின. வெறுங்காலின் வழியே கொழுக்கிப்புழுவும் புகுந்தது. அதற்கெதிரான இயக்கம் 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பமானது. இப்புழுவினாற் குருதிச்சோகை கொண்ட உடலில் ஒட்சிசனைக் காவும் ஆற்றல் ஏலவே குன்றியிருக்கும். குருதியோட்டமும் சுருங்குமாயின், இழையங்கள் இருமடங்கு வறுமைப்படும்.

குளிரிற் குருதிக்கலன் ஒடுங்குவது இயற்கையின் தற்காப்பு. அத்தற்காப்பிலேயே ஒரு தலைமுறை நாள்தோறும் தங்கியிருக்க நேர்ந்தமைக்கு இயற்கையைக் காரணங்காட்ட இயலாது. கூலிக் கணக்கும் கம்பளிக் கடனுமே அதன் காரணங்களை உரைப்பன. மலையக மக்களின் நோய் வரலாறு அங்கிருந்தே எழுதப்படல் வேண்டும்.