குடம் மட்டுமா குற்றவாளி?

“ஓட்டைக் குடம்!” “எருமை!” – இச்சொற்கள் விழாத வகுப்பறை உண்டா? படிப்பு ஏறாத பிள்ளையைச் சாட நாம் உவமை தேடி அலைவதில்லை. நாவின் நுனியிலேயே நிற்கிறது. அவ்வுவமையின் வரலாற்றை நாம் புரட்டிப் பார்த்ததுண்டா?

13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் வேண்டிட, பவணந்தியார் யாத்த இலக்கணம் நன்னூல். அதன் பாயிரம் மாணாக்கரை மூவகையாக்குகிறது. அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், நெய்யரியும் கடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி – கூரிய உவமைதான்!

இந்தப் பட்டியல் நமக்கு மனப்பாடம். ஆனால், இதற்கு முன்னரே அந்நூல் ஆசிரியரையும் எடைபோட்டிருக்கிறதே, அதை ஏன் மறந்தோம்? ஆசிரியராகத் தகாதவர்க்கும் அங்கே நான்கு உவமைகள் உண்டு. கழற்சிக்காய் பெய்த குடம் – போட்ட முறையில் வெளிவராது. மடல் சூழ்ந்த பனை – தானாகப் பழம் உதிர்த்தால் உண்டு, ஏறிப் பறிக்க இடந்தராது. பஞ்சு அடைத்த குண்டிகை – திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. வளைந்த தெங்கு – நீர் வார்த்தவனை விட்டு, அடுத்தவன் மனையிலே காய் உதிர்க்கும்!

குடத்தைக் குறைகூறிய புலவர், வார்ப்பவரையும் விட்டுவைக்கவில்லை. நாமோ, நமக்கான பாதியை மறைத்துவிட்டு, மாணவருக்கான பாதியை மட்டும் ஓதுகிறோம்!

அந்தப் புலவரோடும் நமக்கு வழக்குண்டு. எருமை என்றும் எருமைதான், மாணவன் அப்படியா? பிணியாளனையும் மந்தனையும் கற்பிக்கத் தகாதவர் என ஒதுக்குகிறது அந்நூல். அவர்களுக்கன்றோ ஆசிரியர் முதலில் தேவை!

உவமையை மறுத்த ஒருவரைப் பிரேசில் நாடு கண்டது. எழுத்தறியாதவர்க்கு அங்கே வாக்குரிமை இல்லாதிருந்த 1963இல், அங்கிகோஸ் என்னும் ஊரில், ஏறத்தாழ 300 உழைப்பாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தார் பாவ்லோ ஃபிரெய்ரே. அவர்தம் வாழ்வுச் சொற்களே பாடம், உரையாடலே முறை. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. ஆசிரியருக்குக் கிடைத்தது சிறை, பின்னர் நாடுகடந்த வாழ்வு! ஆசிரியர் பணம் போட, மாணவர் பெட்டகமாய்க் காத்திருக்கும் கல்வியை, ‘வங்கிமுறை’ என்று பின்னர்த் தம் நூலில் அவர் சாடினார். வெறும் கலமென்று கருதப்பட்டவன் வினாத் தொடுத்தால், ஆதிக்கம் அஞ்சாதோ?

தோழர்களே! உவமை சொல்லுக்கு அணி. பிள்ளைக்கோ, அது தீர்ப்பு. ‘ஓட்டைக் குடம்’ என்று நா எழும்போதெல்லாம், கழற்குடம் யார் என்றும் கேட்போம்!