புரூஃபன் பிறந்த கதை

1949-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு செய்தி மருத்துவ உலகையே நிமிர்ந்து உட்கார வைத்தது. முடக்குவாதத்தால் விரலைக்கூட மடக்க முடியாமல் கிடந்தவர்கள், கார்டிசோன் ஊசி போட்ட சில நாள்களில் எழுந்து நடந்தார்கள். மறு ஆண்டே அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு வலுவிழந்தது. நிறுத்தினால் வலி திரும்பி வந்தது. அதற்கு முன்பிருந்தே கையில் இருந்த மருந்து ஆஸ்பிரின். முடக்குவாதக்காரர்கள் அதை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் விழுங்க வேண்டியிருந்தது. வயிற்றில் ரத்தக் கசிவும் காதில் ஓயாத இரைச்சலுமாக அவர்கள் காலம் போனது.

ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் உடம்பு தாங்கக்கூடிய ஒரு மருந்தைத் தேடி 1953-இல் வேலையைத் தொடங்கியவர் ஸ்டூவர்ட் ஆடம்ஸ். இங்கிலாந்தில் ஒரு ரயில்வே ஊழியரின் மகன். 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு பூட்ஸ் நிறுவனத்தின் மருந்துக்கடை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு நாட்டிங்காமில் மருந்தாளுநர் பட்டம், பென்சிலின் தயாரிப்பில் சில காலம், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியலில் முனைவர் பட்டம். படிப்பு முடிந்ததும் பூட்ஸுக்கே திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் அந்த நிறுவனத்தின் கட்டடங்கள் குண்டுக்கு இரையாகியிருந்ததால் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம், நாட்டிங்காம் நகரின் தென்பகுதியில் இருந்த ஒரு பழைய வீட்டின் முன்னறை.

அன்று பெரிய ஆய்வுக்கூடங்களெல்லாம் கார்டிசோனின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஆடம்ஸ் அந்தப் பக்கம் போகவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாரும் சாப்பிட்டுவந்த, யாரும் ஆராய்வதற்குப் புதிதாக எதுவுமில்லை என்று நினைத்த ஆஸ்பிரினைத்தான் எடுத்துக்கொண்டார். வலியையும் காய்ச்சலையும் அது குறைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அழற்சியையும் அது தணிக்கிறதே, எப்படி? இந்தக் கேள்வியைக் கேட்டதுதான் அவருடைய முதல் வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அழற்சியை எதைக்கொண்டு அளப்பது? ஜெர்மன் ஆய்வாளர் ஒருவர் எழுதியிருந்த முறை கண்ணில் பட்டது. கினிப் பன்றியின் முதுகில் மயிரை மழித்துவிட்டுப் புற ஊதாக் கதிரைக் காட்டினால் சில மணி நேரத்தில் தோல் சிவக்கும். முன்கூட்டியே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அந்தச் சிவப்பு தள்ளிப்போகும். எந்தச் சேர்மம் சிவப்பை எவ்வளவு குறைக்கிறதோ, அந்த அளவுக்கு அதற்கு வீரியம். ஆடம்ஸுக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. ஜான் நிக்கல்சன் என்ற வேதியியலாளர் சேர்மங்களைச் செய்து கொடுக்க, ஆடம்ஸும் காலின் பரோஸ் என்ற உதவியாளரும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்று, பத்து, நூறு என்று கடைசியில் 600-ஐத் தாண்டியது கணக்கு.

1958-இல் ஒரு சேர்மம் ஆஸ்பிரினைவிடப் பல மடங்கு வீரியத்தோடு வந்து நின்றது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பயனும் இல்லை. கினிப் பன்றியின் தோலில் சிவப்பைத் தடுத்த மருந்து, மனிதரின் மூட்டில் தோற்றுப்போனது. இந்தத் தோல்வி அவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: அழற்சியை மட்டும் தணித்தால் போதாது, ஆஸ்பிரினைப் போல வலி, காய்ச்சல் இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். அடுத்து வந்த ஒன்று நோயாளிகளுக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கியது. அதற்கும் அடுத்தது இபுஃபெனாக். அது உண்மையாகவே வேலை செய்தது, 1966-இல் பிரிட்டனில் விற்பனைக்கும் வந்தது. சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. 1968-இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நல்ல வேளையாக வேறொன்று அதற்கு முன்பே கையில் இருந்தது. 1961-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சேர்மம் அது. இபுஃபெனாக்கோடு ஒப்பிட்டால் மூலக்கூறில் ஒரே ஒரு மீதைல் தொகுதி கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கல்லீரல் அதைத் தாங்கியது. உடம்பிலிருந்து வேகமாகவும் வெளியேறியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதுதான் இபுபுரூஃபன். மற்றவருக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்ப்பது ஆடம்ஸின் வழக்கம். இதையும் அப்படித்தான் செய்தார். எடின்பரோவின் முடக்குவாத மருத்துவப் பிரிவில் டாக்டர் டாம் சால்மர்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மருந்து வேலை செய்வது உறுதியானது. 1969-இல் புரூஃபன் என்ற பெயரில், டாக்டர் சீட்டோடு மட்டும் கிடைக்கும் மருந்தாகப் பிரிட்டனில் வெளிவந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது! 1971-இல்தான் ஜான் வேன் என்ற பிரிட்டன் மருந்தியலாளர் அதைக் காட்டினார். அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாவதை ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுக்கின்றன. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கின்றன, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து வருவது இதனால்தான்.

1983-இல் பிரிட்டனில் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய 200 மில்லிகிராம் மாத்திரையாக அது நூரோஃபென் என்ற பெயரில் கடைக்கு வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவிலும் சீட்டுத் தேவையற்ற மருந்தானது. இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேர் சாப்பிட்டும் பெரிய கேடு காணாததால் கிடைத்த அனுமதி அது. ஆடம்ஸின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை என்பேன். அவர் தேடியது வீரியத்தை மட்டுமல்ல, பாதுகாப்பையும்தான். 2019 ஜனவரியில், 95 வயதில், நாட்டிங்காமில் அவர் காலமானார்.

நம் ஊர் மருந்துக்கடைகளில் புரூஃபன் என்றும், பாராசிட்டமாலோடு சேர்த்து காம்பிஃப்ளாம் என்றும் விற்பது அந்த மருந்துதான். வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். டெங்கு பரவும் காலத்தில், என்ன காய்ச்சல் என்று தெரியாமல் இதைப் போடாதீர்கள். டெங்குவில் ஏற்கெனவே தட்டணுக்கள் குறைந்திருக்கும். இந்த மருந்து மிச்சமிருப்பவற்றின் வேலையையும் தடுத்து ரத்தக் கசிவைக் கூட்டும். அப்போதைக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் சொன்ன அளவில். குடற்புண் உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.