பனம்பழத்துக்கு எத்தனை பகடை?

பனம்பழம் விழுற காலத்தில எங்கட ஊர்களில சின்னனுகளுக்குச் சொல்லுற முதல் புத்தி, பனைக்குக் கீழ நிக்காத என்பதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல் எழுதினவர்களுக்கு இதை ஆரும் சொல்லவில்லைப் போல.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு அது. 1978 விதிநூலின்படி, உயரத்திலிருந்து விழும் பாத்திரத்துக்குப் பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை சேதம். உச்சம் இருபது பகடை. 1983இல் டிராகன் இதழில் வேறு விளக்கம் வந்தது: முதல் பத்தடிக்கு ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு, பிறகு மூன்று என்று கூட்டிக்கொண்டே போகவேணுமாம். பிந்திய பதிப்புகள் பழைய எளிய கணக்கையே வைத்துக்கொண்டன.

சரி, ஆளுக்கு மேல ஒரு பொருள் விழுந்தால்? 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு நிறையைப் பார்த்தது. 200 இறாத்தலுக்கு ஒரு பகடை, முதல் பத்தடிக்குப் பிறகு ஒவ்வொரு பத்தடிக்கும் இன்னொன்று. பாரம் குறைந்த பொருள் என்றால் கூடின உயரத்திலிருந்து விழவேணும். ஒன்று முதல் ஐந்து இறாத்தல் வரை என்றால் 70 அடி. அப்ப மூன்று இறாத்தல் பனம்பழம் 50 அடியிலிருந்து தலையில விழுந்தால் சேதம் பூச்சியம்! உண்மையில அது மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேகத்தில வந்து சேரும். விதியை நம்பி ஒருக்கா நிண்டு பாருங்கோ.

எனக்கு உறுத்துறது வேற விசயம். இந்த விதிகள் நிறையையும் உயரத்தையும் கேட்கின்றன. தலைக்கு மேல கூரை என்ன என்று கேட்பதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில விமானங்களிலிருந்து பீப்பாய்க் குண்டுகள் விழுந்தபோது, சனம் போட்ட கணக்கு முழுக்கக் கூரையைப் பற்றினதுதான். பங்கருக்குக் குறுக்கே எத்தனை பனங்குற்றி, அதுக்கு மேல எத்தனை மண்மூட்டை, வாசலை எந்தப் பக்கம் திருப்புறது? அந்தக் கணக்குக்காகத் தறிபட்ட பனைகள் கொஞ்சநஞ்சமல்ல. பழத்துக்குப் பயந்து விலகின அதே மரத்துக்குக் கீழ போய்த்தான் ஒளிச்சிருந்தார்கள்.

2020இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்த ஒரு துணைநூலில் புது விதி ஒன்று இருக்கு. ஒருத்தர் இன்னொருத்தருக்கு மேல விழுந்தால், கீழ நிக்கிறவர் விலகத் தவறினால், சேதத்தை இரண்டுபேரும் சமமாகப் பங்குபோடவேணும். வாசிச்சபோது சிரிப்பு வந்தது. மேலயிருந்து போட்டவைக்கு எந்தப் பங்கும் இருக்கயில்லையே.

இப்ப நாங்கள் விளையாடும்போது ஒரு சொந்த விதி வைச்சிருக்கிறம்: குறுக்கே கிடக்கிற ஒவ்வொரு பனங்குற்றிக்கும் இரண்டு பகடை கழியும். நேரடியாக மேல விழுந்தால் கழியாது.