மாஸ்டர் சாவி யாருகிட்ட இருக்கு?

ஹோட்டல் வெப்சைட்டுக்கு யூசர் அக்கவுண்ட் போட்டுக் கொடுக்கிற வேலை வந்தா, முக்கால்வாசிப் பேர் என்ன செய்வாங்க? எல்லாருக்கும் 'அட்மின்' போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. "அப்புறமா குறைச்சுக்கலாம்"னு ஒரு சமாதானம். அந்த அப்புறம் வர்றதே இல்லை :-)

இத்தனைக்கும், யாருக்கு எந்தக் கதவு திறக்கணும்ங்கற கேள்விக்குக் கம்ப்யூட்டர் நுழையறதுக்கு முன்னாடியே பதில் வச்சிருந்தவங்க ஹோட்டல்காரங்கதான்.

உலோகச் சாவிக் காலத்தை எடுத்துக்குங்க. தங்க வந்தவர் சாவி அவர் அறையை மட்டும் திறக்கும். ரூம் சுத்தம் பண்றவங்க சாவி அவங்க பகுதி அறைகளை மட்டும். அதுக்கு மேல கட்டடம் முழுக்கத் திறக்கிற கிராண்ட் மாஸ்டர். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் திறக்கிற அவசரச் சாவி தனி. கவனிச்சீங்கன்னா இதுல ரெண்டு கேள்வி இருக்கு: நீ என்ன வேலை பார்க்கிறே? எந்த மாடியில பார்க்கிறே? ரெண்டுக்கும் பதில் அந்தச் சாவியிலேயே வெட்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டுல இருந்த ஓட்டை, சாவியைப் பையில போட்டுக்கிட்டே ஊருக்குப் போயிடற விருந்தாளி. அடுத்து வர்றவர் அறையும் அதே சாவிக்குத் திறக்குமே! 1974 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்பரியில், பாடகி கோனி பிரான்சிஸ் தங்கியிருந்த மோட்டல் அறைக்குள் ஒருவன் புகுந்து அவரைக் கொடூரமாகத் தாக்கினான். அறைப் பாதுகாப்பு சரியில்லை என்று அவர் வழக்குப் போட, 1976-ல் ஜூரி 25 லட்சம் டாலர் தரச் சொன்னது. பூட்டு சரியில்லைன்னா கோர்ட்டுக்குப் போகணும்னு ஹோட்டல் முதலாளிகளுக்கு உறைத்தது.

அதே 1970களின் நடுவில்தான் நார்வேயில் டோர் சோர்னெஸ் துளை போட்ட பிளாஸ்டிக் அட்டையைச் சாவியாக்கினார். 32 இடம், ஒவ்வொண்ணிலும் துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணக்குப் போட்டா சுமார் 429 கோடி விதமான சாவிகள்! ஒவ்வொரு விருந்தாளிக்கும் புதுச் சாவி கொடுக்கலாம், பழைய அட்டை வெறும் அட்டை.

கம்ப்யூட்டர் உலகம் கொஞ்சம் மெதுவாத்தான் வந்தது. 1992-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் இருவரும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, அவர் பார்க்கிற பொறுப்புக்குக் கொடு என்பதுதான் சாரம். ஆள் மாறினா பொறுப்பை மாத்தினாப் போதும், நூறு அனுமதியைத் தேடித் தேடிப் பிடுங்க வேண்டாம். 2004-ல் இது அமெரிக்கத் தரநிலையே ஆனது. நமக்குப் பழக்கமான வேர்ட்பிரஸ்ஸும் 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான், பூஜ்யத்திலிருந்து பத்து வரை இருந்த லெவல் கணக்கை விட்டுட்டு அட்மின், எடிட்டர், ஆத்தர்னு பொறுப்புகளுக்கு மாறியது.

ஆனா பாருங்க, இதுல முதல் கேள்விக்குத்தான் பதில் இருக்கு. 'எந்த மாடி'ங்கறது காணோம்.

அதுக்கு என்ன விலைன்னு 2020-ல் தெரிஞ்சது. மேரியட் குழுமத்தின் பெயரில் தனியார் நடத்திய ஒரு ஹோட்டல். அங்கே வேலை பார்த்த இரண்டே பேரின் லாகின் வேற யாரோ கையில் சிக்கியது. ஜனவரி நடுவில் தொடங்கி, பிப்ரவரி கடைசியில் கண்டுபிடிக்கிறதுக்குள்ள, சுமார் 52 லட்சம் விருந்தாளிகளின் விவரங்களை அது வழியா பார்த்திருக்கலாம்னு நிறுவனமே மார்ச் 31-ல் அறிவித்தது. பேர், முகவரி, போன் நம்பர், பிறந்த நாள், எந்த மாதிரி அறை பிடிக்கும் என்பது வரைக்கும். ரிசப்ஷன்ல நிக்கிறவருக்கு விருந்தாளி விவரம் வேணும்தான், இல்லைங்கலை. 52 லட்சம் பேர் ஒரு ஹோட்டல்லயா தங்கப் போறாங்க?

இதையும், அதுக்கு முந்தைய ரெண்டு ஊடுருவலையும் சேர்த்து அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரித்தது. 2024 அக்டோபரில் அது வெளியிட்ட குறைகளின் பட்டியலில் பாஸ்வேர்டுக்கு அடுத்தபடியா இருந்தது, யார் எதைப் பார்க்கலாம்ங்கற கட்டுப்பாடு. அதே நாள் 49 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டிசிக்குமாகச் சேர்த்து 5.2 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒத்துக்கிட்டது. ரூம் சுத்தம் பண்றவங்க கையில கிராண்ட் மாஸ்டரைக் கொடுத்திருந்தா, அந்தக் காலத்து மேனேஜர் அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாரு!